தார்ப்பூச்சுக்கு அடியில் ஒரு எண்

ஆஸ்டின் என்றார் தோட்டத்துக்காரர். செவர்லே என்றார் என்னோடு வந்த மேஸ்திரி. பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் வழியில் ஒரு தென்னந்தோப்பு. சாளைக்குப் பின்னால் மட்டையும் பன்னாடையும் குவித்திருந்த இடத்தில், அவர்கள் வழக்காடிய அந்த டிரெய்லர் மூக்குக் குப்புறக் கிடந்தது. தேங்காய் ஏற்றிக் களத்துக்குக் கொண்டுவர டிராக்டரில் மாட்டி இழுத்த இரண்டு சக்கர வண்டி. மேலே பலகை, கீழே தார் பூசிய இரும்பு. அந்த இரும்பு ஒருகாலத்தில் காராக இருந்தது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

“எங்க அப்பாரு வாங்குன காருங்க. பழனிக்குத் தைப்பூசத்துக்கு அதுலதான் போவாராமா. அப்பறம் எஞ்சினைக் கழட்டிக் கெணத்துல தண்ணி எறைக்க வெச்சுட்டாங்க. கரண்டு வந்ததும் எஞ்சின் பழைய இரும்புக்குப் போயிருச்சு. மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதானுங்க” என்றார் தோட்டத்துக்காரர். அதையும் எடைக்குப் போட ஆள் சொல்லியிருந்தார். கிணற்று மோட்டார் விஷயமாக நாங்கள் அன்று போகாமல் இருந்திருந்தால், மறுவாரம் கேஸ் கட்டர் வந்திருக்கும்.

நான் கோவையில் பம்ப்செட் தொழிலில் இருப்பவன். பீளமேட்டில் அப்பாவின் பட்டறையில் லேத் ஓட்டிக் கற்றுக்கொண்ட கை. பழைய வண்டிகளின் மேல் எனக்கு இருக்கும் பித்தும் அவரிடமிருந்து வந்ததுதான். வண்டியின் பெயிண்டையும் நிக்கல் பூச்சையும் பார்த்து அவர் மயங்க மாட்டார். குனிந்து அடியில் பார்ப்பார். பாடியை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக் கட்டலாம்; சேஸ் எதுவோ அதுதான் வண்டி என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான்.

சேஸைத் தொடுவதற்கு முன் அதைப் படிக்க வேண்டும். கம்பெனி போட்டது எது, நம் ஊர்க் கொல்லர் போட்டது எது என்று முதலில் பிரிக்க வேண்டும். 1920களின் சேஸில் சைடு மெம்பரையும் கிராஸ் மெம்பரையும் இணைப்பது ரிவிட். எங்கே வெல்டிங் தடம் தெரிகிறதோ அது பின்னால் வந்த வேலை. மேஸ்திரி செவர்லே என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. டிரெய்லரின் சக்கரங்களுக்கு மேலே இரண்டு பக்கமும் நீளவாக்கில் பட்டைக்கட்டு இருந்தது. அந்தக் காலத்துச் செவர்லேயில் நான்கு சக்கரத்துக்கும் அப்படித்தான். ஆனால் அந்தப் பட்டையைத் தாங்கிய பிராக்கெட்டுகளைச் சுரண்டிப் பார்த்தால் நாலாபுறமும் வெல்டிங். ஆக்சிலும் பட்டையும் ஏதோ லாரியிலிருந்து வந்தவை. சாட்சியாக அவற்றை எடுத்துக்கொள்ள முடியாது.

“அப்ப எதைத்தான் பாக்கறது தம்பி?” என்றார் மேஸ்திரி.

“சும்மா இருக்கறதைப் பாக்கலாங்கண்ணா” என்றேன்.

பின்பக்கக் கடைசியில் ஒரு கிராஸ் மெம்பர், நடுவில் மேல்நோக்கி வளைந்து, எதையும் தாங்காமல் சும்மா இருந்தது. டிரெய்லருக்கு அப்படி ஒரு வளைவு தேவையே இல்லை. அடியில் கை விட்டுத் தடவினேன். கவிழ்த்த ‘ப’ வடிவப் பள்ளம், அதன் இரண்டு ஓரத்திலும் யூ போல்ட் இறங்கும் ஓட்டைகள். அதாவது, அங்கே ஒரு பட்டைக்கட்டு குறுக்குவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. முன்னால், இழுவைக் கம்பியை வெல்டிங் செய்திருந்த கிராஸ் மெம்பரிலும் அதே பள்ளம், அதே ஓட்டைகள். முன்னும் பின்னும் ஒவ்வொரு குறுக்குப் பட்டை. நம் ஊரில் ஓடிய வண்டிகளில் அந்த அமைப்பைப் பார்த்தால் முதலில் நினைக்க வேண்டிய பெயர் ஃபோர்டு. ஹென்றி ஃபோர்டு டி மாடலில் தொடங்கி 1948 வரை கார்களில் அதை விடவில்லை. ஆஸ்டின் செவனில் முன்பக்கம் குறுக்குப் பட்டை உண்டு. ஆனால் அது மிகச் சிறிய வண்டி, சக்கர இடைவெளி 75 அங்குலத்தில் தொடங்கியது. அதன் சேஸ் பின் ஆக்சில் வரைகூட நீளாது. பெரிய ஆஸ்டின்களுக்கு நீளவாக்குப் பட்டைதான்.

ஃபோர்டில் எது? இங்கே டேப் பேசியது. முன் கிராஸ் மெம்பரின் மையத்திலிருந்து பின் கிராஸ் மெம்பரின் மையம் வரை 103 அங்குலத்துக்குச் சற்று மேல். டி மாடலுக்குச் சக்கர இடைவெளி 100 அங்குலம். 1932-ல் வந்த வி-8க்கு 106. நடுவில் இருப்பது ஏ மாடல், 103½. டி மாடலில் சைடு மெம்பர் இரண்டும் ஒரே அகலத்தில் நேராகப் போகும். இங்கேயோ முன்னால் ஒடுங்கிப் பின்னால் அகன்றது. கிணற்று மேட்டில் தண்ணீர்க் குழாய்க்கு முட்டுக் கொடுத்திருந்த ஒரு கம்பி வீலை மேஸ்திரி தூக்கிக்கொண்டு வந்தார். 21 அங்குல வீல். ஏ மாடலில் 1928, 29-ல் அந்த அளவு. 1930-லிருந்து 19 அங்குலம். வீலை மட்டும் நம்பி வருடம் சொல்லக் கூடாது, எந்த வண்டி வீலும் எந்தத் தோட்டத்துக்கும் வரும். ஆனாலும் கணக்கு ஒரே பக்கமாகக் கூடிக்கொண்டு வந்தது.

அந்த வண்டி அங்கே வந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. ஜி.டி. நாயுடு 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துத் தொழிலைத் தொடங்கியது பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில்தான். பருத்தியும் கடலையும் காசு கொடுத்த காலத்தில் அந்தப் பக்கத்து மண்ரோட்டுக்கு ஏற்ற வண்டி ஃபோர்டு. தரையிலிருந்து நல்ல உயரம்; குறுக்குப் பட்டை இருப்பதால் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் சேஸ் அவ்வளவாக முறுக்கிக்கொள்ளாது. 1927 டிசம்பரில் அறிமுகமான ஏ மாடல் நான்கு வருடச் சொச்சத்தில் ஏறத்தாழ 48 லட்சம் வெளியே வந்தது. 3.3 லிட்டர், நான்கு சிலிண்டர், 40 குதிரைச் சக்தி. கிணற்றில் வைத்தால் தண்ணீர் கொட்டும் எஞ்சின்தான். தோட்டத்துப் பெரியவரின் முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். வறண்ட வருடத்தில் காரை விடத் தென்னம்பிள்ளை பெரிது.

வலது சைடு மெம்பரில் ஸ்டீயரிங் பெட்டி உட்காரும் ஓட்டைகள் இருந்தன. அமெரிக்காவில் ஓடியது இடப்பக்க ஸ்டீயரிங். வலப்பக்கம் என்றால் இரண்டு இடங்களை நினைக்க வேண்டும்: இங்கிலாந்தின் மான்செஸ்டர், அல்லது கனடாவின் ஒன்டாரியோ. பிரிட்டனைத் தவிர மற்ற பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் விற்கும் உரிமை ஃபோர்டின் கனடாக் கம்பெனியிடம் இருந்தது. 1926-ல் இந்தியாவில் தொடங்கிய ஃபோர்டு கம்பெனியும் அந்தக் கனடாக் கம்பெனியின் கிளைதான். ஆகவே கனடா என்றுதான் நினைத்தேன். நினைப்பு போதாது, எண் வேண்டும்.

ஏ மாடலில் எஞ்சின் எண் எஞ்சினின் இடது பக்கம், ரேடியேட்டர் தண்ணீர் நுழையும் வாய்க்கு மேலே ஒரு சிறு மேடையில் இருக்கும். எஞ்சினைச் சேஸில் இறக்கும்போது அதே எண்ணை இடது சைடு மெம்பரின் மேல் முகத்திலும் வெட்டினார்கள். எஞ்சின் அறை முடிந்து பாடி தொடங்கும் இடத்துக்கு அருகில் அது இருக்கும். மேலே பாடி உட்கார்ந்துவிடும் என்பதால் வண்டி ஓடும் காலத்தில் யார் கண்ணிலும் படாது. இந்த வண்டியில் எஞ்சினோடு எஞ்சின் எண்ணும் உருகிப் போய்விட்டது. அதன் நகல் இந்த இரும்பில் மட்டும் இருக்க வேண்டும்.

அந்த இடத்தில் பலகை போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. கழற்றினால், விரற்கடை கனத்துக்குத் தார். வருடா வருடம் மழைக்கு முன்னால் பூசிப் பூசி ஏறிய தார். அந்தத் தாருக்கு நான் கும்பிடு போட வேண்டும், அது இல்லையென்றால் துரு எண்ணைத் தின்றிருக்கும். மேஸ்திரி வயர் பிரஷ் மாட்டிய கிரைண்டரை எடுத்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். மூங்கிலைச் சீவி ஒரு தட்டை செய்து, சீமெண்ணெயில் நனைத்த துணியை அந்த இடத்தில் கட்டி ஊறவிட்டு, தார் இளகியதும் மெல்ல வழித்தோம். ஊற வைப்பதும் வழிப்பதுமாகச் சாயங்காலம் வரை போனது. இரும்பின் நிறம் வந்தது. எழுத்து வரவில்லை.

மேலிருந்து பார்த்தால் தெரியாது. இருட்டியபின், டார்ச்சைச் சைடு மெம்பரோடு படுக்க வைத்து, ஒளியை ஓரத்தில் ஓடவிட்டேன். நிழல் விழுந்தது. முதலில் ஒரு வளைவு, பக்கத்தில் ஒரு சாய்கோடு, பிறகு ஒவ்வொன்றாக. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் சேஸ் பிரிண்ட் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மெல்லிய தாளை எண் மேல் ஒட்டி, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்ப்பார்கள். அதையே செய்தேன். கறுத்த தாளில் வெள்ளையாக எழுந்தது ‘சி’, அடுத்து ‘ஏ’, அதன் பின் இலக்கங்கள். அமெரிக்காவில் செய்தது ‘ஏ’ என்று மட்டும் தொடங்கும், கனடாவில் செய்ததற்கு ‘சிஏ’. ஒன்டாரியோவில் யாரோ ஒரு தொழிலாளி ஒவ்வோர் அச்சையும் கையில் பிடித்துச் சுத்தியலால் அடித்திருக்கிறார். கடைசிக்கு முந்தைய இலக்கம் வரிசையை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. அந்தச் சறுக்கலைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் தோட்டத்துக்காரரின் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தார். கிரயப் பத்திரங்களுக்கு நடுவில் மடிப்பு கிழிந்த ஒரு வரி ரசீது. அதில் எஞ்சின் எண் என்று மையில் எழுதியிருந்தது. பென்சில் தாளைப் பக்கத்தில் வைத்தோம். ஒன்று விடாமல் பொருந்தியது. “அப்பாரு காருதானுங்க” என்று தோட்டத்துக்காரர் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. அந்த நிமிடத்தோடு எடைக்குப் போடும் பேச்சு நின்றது.

அந்த எண்ணை இங்கே நான் எழுதவில்லை, அதற்குக் காரணம் உண்டு. செய்தி எப்படியோ பரவி, ஒரு வியாபாரி போன் செய்தார். முழுச் சேஸும் வேண்டாமாம். எண் இருக்கும் அந்த ஒரு முழத் துண்டும் வரி ரசீதும் போதுமாம். அவர் சொன்ன விலை, மொத்த இரும்பின் விலையைப் போல் பல மடங்கு. துண்டை வெட்டி வேறொரு சட்டத்தில் பற்றவைத்து, புதுப் பாடி கட்டி, அப்பாருவின் காராக யாருக்கோ விற்பதற்குத்தான். இப்படி நடப்பது புதிதல்ல. ஆனால் அது திருட்டு. வாங்குகிறவரிடமிருந்து பணத்தைத் திருடுவதோடு, ஒரு குடும்பத்தின் வரலாற்றையும் திருடுவது. தோட்டத்துக்காரர் ஒரே வார்த்தையில் முடித்தார்: “விக்கறதில்லீங்க.” பிறகு என்னிடம், “நீங்களே பாத்து நிறுத்திக் குடுங்க” என்றார்.

பட்டறைக்குக் கொண்டுவந்து நான்கு இரும்புக் குதிரைகளின் மேல் ஏற்றினோம். முதல் வேலை அளவு. ஓட்டைகளின் மையத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சுண்ணாம்புக் கயிற்றால் குறுக்கும் மறுக்குமாக இணைத்தோம். இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருந்தால் சட்டம் கோணவில்லை என்று பொருள். மூலைவிட்டம் சரியாகவே இருந்தது. ஆனால் பக்கவாட்டில் கயிறு கட்டிப் பார்த்தபோது இரண்டு சைடு மெம்பரும் நடுவில் தொய்ந்திருந்தன. எஞ்சினின் பாரம் ஒருகாலம், தேங்காய்ப் பாரம் ஒருகாலம். எஞ்சினின் பின் மவுண்ட் போல்ட் ஏறும் இடத்தில் வெடிப்பும் இருந்தது. ஏ மாடல் சேஸில் அது வழக்கமான வியாதி; அதைத் தேடித்தான் அங்கே பார்த்தேன்.

தொய்வை எடுக்கச் சூடு காட்டவில்லை. கனமான ஐ-பீம் ஒன்றைச் சேஸுக்கு அடியில் கிடத்தி, இரண்டு முனையையும் சங்கிலியால் பீமோடு கட்டி, நடுவில் ஜாக்கி வைத்துத் துளித் துளியாக ஏற்றினோம். நேரான நிலையைத் தாண்டிச் சற்று மேலே போய் விட வேண்டும். இரும்பு திரும்பி வந்து நேராக நிற்கும். வெடிப்பின் முனையைத் தேடி அங்கே ஒரு சிறு துளை போட்டால் அது மேலே ஓடாது. பிறகு வெடிப்பை ‘வி’ வடிவில் குடைந்து பற்றவைத்து, உள்பக்கம் ஒரு தகடு வைத்தோம்.

கொல்லர் வெல்டிங் செய்த பிராக்கெட்டுகளைக் கேஸ் கட்டரால் வெட்டியிருந்தால் அரை மணி வேலை. கட்டரின் சூடு சைடு மெம்பரையும் பதம் பார்க்கும் என்பதால் கிரைண்டரில் வெல்டிங்கை மட்டும் சீவினோம். பலகைக்காகப் போட்ட ஓட்டைகள் ஏராளம். எல்லாவற்றையும் அடைத்து வழவழப்பாக்க மேஸ்திரி ஆசைப்பட்டார். சைடு மெம்பர் வளையும்போது பாரம் முழுவதும் மேல் முகத்திலும் கீழ் முகத்திலும்தான் விழும், நடு உயரத்தில் மிகக் குறைவு. எனவே மேல் கீழ் முகங்களில் இருந்த ஓட்டைகளை மட்டும் அடைத்தோம். நடுவில் இருந்தவற்றை அப்படியே விட்டோம். அது தேங்காய் சுமந்த காலத்தின் தடம். கனடாவில் பிறந்த நாளைப் போலவே அந்தக் காலமும் அந்த வண்டியுடையதுதான்.

ரிவிட்டுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. பின் கிராஸ் மெம்பரில் பல ரிவிட்டுகள் தளர்ந்திருந்தன. போல்ட் போட்டுவிடலாம் என்று பலரும் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் திருச்சி பொன்மலையில் பாய்லர் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை நண்பர் அழைத்துவந்தார். நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு ரயில்வே பணிமனை மாறியது 1928 வாக்கில். இந்தச் சேஸும் அந்தப் பணிமனையும் ஒரே வயது என்று சொன்னதும் பெரியவருக்கு ஒரே சந்தோஷம். கரி உலையில் ரிவிட் ஆரஞ்சு நிறத்துக்கு வரும்வரை காத்திருப்பார். இடுக்கியில் எடுத்து ஓட்டையில் செருக, மறுபுறம் மேஸ்திரி கனமான இரும்பால் அணை கொடுப்பார். பெரியவர் தண்டை அடித்துப் பரத்தி, குழிவான ஸ்னாப்பை வைத்து நாலு போடு போட்டால் உருண்டைத் தலை உருவாகிவிடும். ஆறும்போது ரிவிட் சுருங்கும். சுருங்கும்போது இரண்டு தகட்டையும் இழுத்து நெருக்கும். ஆறியபின் ஒவ்வொன்றையும் சிறு சுத்தியலால் தட்டிக் காது கொடுப்பார். மணி போல் ஒலித்தால் விட்டுவிடுவார். மொத்தென்று ஒலித்த ஒன்றை, நாங்கள் போதும் என்று சொல்லியும் கேட்காமல் வெட்டி எடுத்து மறுபடி அடித்தார். “எழுவது வயசுல பேரு கெட்டுடக் கூடாது சார்” என்றார்.

துருவுக்கு மணல் அடிக்கவில்லை. எண்ணின் விளிம்புகள் மழுங்கிவிடும். பெரிய பாகங்களுக்குச் சீமெண்ணெயும் கைப் பிரஷ்ஷும். சிறு பாகங்களை மொலாசஸில் போட்டோம். ஒரு பங்கு பாகுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். சில வாரம் கழித்து எடுத்தால் துரு மட்டும் கரைந்து, நல்ல இரும்பு சாம்பல் நிறத்தில் நிற்கும். நாற்றம் தாங்காது, அவ்வளவுதான். பிறகு ரெட் ஆக்சைடு, அதன் மேல் கறுப்பு எனாமல். தொழிற்சாலையிலும் சேஸுக்குக் கறுப்புதான். எண் இருக்கும் இடத்தில் பெயிண்ட் இல்லை, கிரீஸ் மட்டும்.

ஆக்சில், பட்டைக்கட்டு, பிரேக் கம்பிகள் ஆகியவற்றில் இங்கே கிடைக்காததை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தோம். ஏ மாடலுக்கு இன்றும் அங்கே புதிதாகப் பாகம் செய்கிறார்கள். எஞ்சின் ஒன்று இதே ஃபோர்டின் ஏஏ லாரியிலிருந்து கிடைத்தது. இரண்டுக்கும் ஒரே எஞ்சின்தான். அதன் எண் வேறு. அதை அழித்துப் பழைய எண்ணை வெட்டிவிடலாம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. வெட்டவில்லை. இந்தச் சேஸுக்கு இந்த எஞ்சின் பின்னால் வந்தது என்று கோப்பில் எழுதி, இரண்டு எண்ணின் பென்சில் பிரிண்ட்டையும் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பாடி இன்னும் கட்டவில்லை. தோட்டத்துக்காரரின் அம்மாவுக்கு, மேலே துணிக் கூரை இருந்ததும் பின்சீட்டில் குழந்தைகளை நெருக்கி உட்கார வைத்ததும் நினைவிருக்கிறது. அப்படியென்றால் நான்கு கதவுத் திறந்த வண்டி, ஃபேட்டன். அப்படித்தான் இருந்திருக்கும் என்றே நானும் நம்புகிறேன். ஆனாலும் ஒரு போட்டோ கிடைக்கட்டும் என்று உறவுக்காரர் வீட்டு ஆல்பங்களில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை ஓட்டுநர் சீட்டுக்கு ஒரு பலகையைப் போட்டுத் தோப்புக்குள் ஓட்டிப் பார்க்கிறோம்.

2021-ல் மத்திய அரசு பழைய வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய கார், பைக்குகளுக்கு ‘விஏ’ என்ற எழுத்தோடு தனிப் பதிவு எண். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 வருடம் செல்லும். சேஸும் பாடியும் எஞ்சினும் பெரிய அளவில் மாற்றப்படாமல், வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பதும் அந்த விதியில் உண்டு. எங்களுக்கு என்ன தீர்ப்பு வரும் என்பது பாடி முடிந்து அதிகாரிகள் பார்த்த பிறகுதான் தெரியும். எது அசல், எது மாற்று என்று மறைக்காமல் சொல்லக் கோப்பு தயாராக இருக்கிறது.

உங்கள் தோட்டத்திலோ, பழைய ரைஸ் மில்லின் கொல்லையிலோ இப்படி ஒரு சட்டம் கிடந்தால், எடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். கிராஸ் மெம்பரின் அடியில் பாருங்கள். மையத்துக்கு மையம் டேப் பிடித்து எழுதி வையுங்கள். தாரையும் அழுக்கையும் மூங்கிலால் வழித்து, இருட்டில் டார்ச்சைச் சாய்த்துத் தேடுங்கள். எண் தெரிந்தால் பென்சிலில் எடுத்துக்கொள்ளுங்கள். டிரங்குப் பெட்டியில் இருக்கும் பழைய காகிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். விற்பதா வைத்துக்கொள்வதா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.